மூடி போட்ட உலகம்

அல்லிக்குளத்தில் தம்பட்டம் என்றொரு தவளை இருந்தது. கரையிலிருந்த புங்கமரத்தில் ஆமாஞ்சாமி என்றொரு ஓணான் இருந்தது. தவளைக்கு வாய் ஓயாது. ஓணானுக்குத் தலை ஓயாது. யார் எதைச் சொன்னாலும் அந்தத் தலை மேலும் கீழும் ஆடும். அது சம்மதம் இல்லை; பிறவிக் கழுத்து. ஓணானுக்குப் பேசவும் தெரியும். ஆனால் தலை ஆடியதைப் பார்த்த பிறகு, அதன் வாயிலிருந்து வருவதை யாரும் காத்திருந்து கேட்பதில்லை. ஒருமுறை எலி வந்து, "உன் பொந்தை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டது. எடுத்தும் கொண்டது.

தம்பட்டத்துக்குக் குளம் பிடிக்கவில்லை. சேறு ஒட்டுகிறது, பாசி வழுக்குகிறது, கொசு காதருகே பாடுகிறது, காற்று சருகைக் கொண்டுவந்து தலையில் போடுகிறது என்று தினமும் புகார். கேட்க வேறு ஆள் இல்லாததால் ஓணானிடம் சொல்லும். ஓணான் தலையாட்டும்.

ஒரு நாள் காலை, சுற்றுலா வந்த யாரோ விட்டுப்போன கண்ணாடி ஊறுகாய்ச் சாடி ஒன்று மரத்தடியில் நின்றது. உள்ளே ஒரு முயல் உட்காரலாம், அவ்வளவு பெரிசு. மழை பெய்து கால்வாசி நிரம்பியிருந்தது. தவளை எட்டிப் பார்த்தது. சேறில்லை. பாசியில்லை. ஊறுகாய் வாசனை மட்டும் மிச்சம். அதையும் ஒரு சிறப்பம்சமாகச் சேர்த்துக்கொண்டு, புது உலகம் உருவாகிவிட்டதாக அங்கேயே அறிவித்தது. தானே அரசன், ஓணான் அமைச்சர்.

ஓணானுக்கு நெஞ்சு விம்மியது. பிறந்ததிலிருந்து கேலிக்கு மட்டுமே பயன்பட்ட தலையாட்டலுக்கு இப்போது ஒரு பதவி. தவளையின் பின்னாலேயே சாடிக்குள் குதித்து, தண்ணீருக்கு மேல் துருத்தி நின்ற பெரிய கூழாங்கல்லில் ஏறி உட்கார்ந்தது.

புது உலகில் குடியேற விண்ணப்பங்கள் வந்தன. முதலில் மண்புழு. மண் இருந்தால்தான் செடி முளைக்கும் என்றது. மண் என்றால் அழுக்கு என்றது தவளை. அமைச்சர் தலையாட்டினார். மண்புழு திரும்பிப் போனது.

அடுத்து நத்தை, முதுகில் பாசியோடு. பாசியைச் சுரண்டிவிட்டு வரச் சொன்னது தவளை. நத்தை விளக்கம் சொல்லத் தொடங்கியது. "இந்தப் பாசிதான்... வெயிலில்... குமிழ் குமிழாக..." நத்தை பேச்சிலும் நத்தைதான். அது வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது கொசு.

"கொசுவுக்கு அனுமதி கிடையாது" என்றது தவளை.

"சரிண்ணே. மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க?"

"அது பிறகு பரிசீலிக்கப்படும்."

அமைச்சர் தலையாட்டினார்.

மிச்சம் இருந்தது காற்றும் சருகும். அந்த வழியாகப் போன குரங்கைத் தவளை கூப்பிட்டது. சாடியை மர நிழலிலிருந்து எடுத்து, சருகு விழாத மொட்டைப் பாறையில் வைக்கச் சொன்னது. பக்கத்தில் கிடந்த மூடியையும் இறுகத் திருகச் சொன்னது. கைக்கு ஏதாவது வேலை கிடைத்தால் குரங்குக்கு அதுவே போதும். திருகிவிட்டு மாமரத்துக்குப் போனது.

முதல் ஒரு மணி நேரம் சுகமாகத்தான் இருந்தது. பிறகு வெயில் ஏறியது. தண்ணீர் சூடானது.

"வெந்நீர்க் குளியல் வசதி" என்றது தவளை.

கண்ணாடி வேர்த்து, மூடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. மழைக்காலம் தொடங்கிவிட்டதாகத் தவளை அறிவித்தது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. அது உற்சாகத்தால் வருவது என்று விளக்கம் தந்தது. ஓணானின் தலை ஆடியது. ஆனால் உள்ளுக்குள் அதற்குப் பயம் பிடித்துவிட்டது. இந்த உலகத்தில் வெயில் இருந்தது, நிழல் இல்லை. தண்ணீர் இருந்தது, பாசி இல்லை. வாய் இரண்டு இருந்தது. தின்ன எதுவும் இல்லை. நத்தை சொல்லவந்தது என்னவென்று கேட்டிருக்கலாம்.

அப்போது குரங்கு வந்து எட்டிப் பார்த்தது. "என்னப்பா, உள்ளே சுகமா?"

"திற!" என்று தவளை கத்தியது. குளத்தையே அதிரவைக்கும் குரல், கண்ணாடிக்கு வெளியே ஈ முனகல் அளவுக்குக்கூடக் கேட்கவில்லை. குரங்கு ஓணானைப் பார்த்தது. ஓணானின் தலை மேலும் கீழும் ஆடியது.

"சுகம்தானாம்" என்று குரங்கு போய்விட்டது.

"அடப்பாவி, ஏன் தலையாட்டினே?" என்று கேட்டது தவளை. ஓணான் தலையாட்டியது. "இப்பவும் ஆட்டுறியே!"

ஓணான் தாடையைக் கல்லில் அழுத்திப் பார்த்தது. தலை ஆடியது. முன்னங்கால்களால் கழுத்தைப் பிடித்துப் பார்த்தது. கால்களும் சேர்ந்து ஆடின. கடைசியில் சோர்ந்துபோய்க் கல்லின் மேலேயே வழுக்கி, ஒருக்களித்து விழுந்தது. விழுந்த பிறகும் தலை நிற்கவில்லை.

தவளை மூச்சிரைக்க அதை முறைத்தது. "என்ன, முடியாதுங்கிறியா? அரசனைப் பார்த்தா இல்லைங்கிறே?"

ஓணானுக்குச் சட்டென்று விளங்கியது. நிமிர்ந்திருந்து ஆட்டினால் ஆமாம். படுத்துக்கொண்டு ஆட்டினால் இல்லை!

நல்லவேளையாக, குரங்கு மாம்பழமும் கையுமாகத் திரும்பி வந்தது. தவளை தன் வயிற்றை வைத்துக் கண்ணாடியின் ஆவியைத் துடைத்தது. அரசன் செய்த முதல் உருப்படியான வேலை அதுதான்.

"இப்பவும் சுகமா?" என்றது குரங்கு.

ஓணான் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, கழுத்து வலிக்கும்வரை ஆட்டியது.

குரங்கின் வாயில் பழம் அப்படியே நின்றது. "ஆமாஞ்சாமியே இல்லைங்குதா? அப்போ விஷயம் பெரிசு." மாம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு மூடியைத் திருகித் திறந்தது.

ஊறுகாய் வாசனையோடு ஆவி வெளியே வந்தது. அதன் பின்னாலேயே அமைச்சர். அவர் தலைமேல் கால் வைத்து அரசன். தவளை ஒரே தாவலில் குளத்துச் சேற்றில் விழுந்தது. பாசி முகத்தில் ஒட்டியது. காற்று ஒரு சருகைக் கொண்டுவந்து தலையில் போட்டது. தவளை அதை எடுக்கவேயில்லை.

"அண்ணே, சாப்பாட்டுக்கு என்ன முடிவு செஞ்சீங்க?" என்று கொசு வந்து கேட்டது. தவளை நாக்கால் பதில் சொன்னது. கேட்ட கொசு தப்பியது. கூட வந்த அதன் அக்கா தப்பவில்லை.

மரத்தடியில் நத்தை இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "...மூச்சுக்காற்று விடுகிறது. அது இல்லாவிட்டால்... உள்ளே... மூச்சு முட்டும்."

அன்று மாலை எலி வந்து, ஓணானின் கிளையையும் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. ஓணான் சாவகாசமாக ஒருக்களித்துப் படுத்தது.

தொல்லை என்று நாம் திட்டுகிற சேறும் பாசியும் கொசுவும் காற்றும் சேர்ந்துதான் இந்த உலகத்தை உயிர்கள் வாழும் இடமாக வைத்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தால் கடைசியில் மிஞ்சுவது வெறும் சாடிதான்.