மழைக்கோடையில் எள் விதைத்தவன்

வெகு காலத்துக்கு முன்னால் முள்ளிநாடு என்று ஒரு நாடு இருந்தது. எந்தத் திசையில் என்று கேட்காதீர்கள். மழை எட்டிப் பார்க்கவே யோசிக்கும் இடம். அது தெரிந்தால் போதும்.

அந்த நாட்டில் தண்ணீர்தான் தெய்வம். வாய் கொப்பளித்தாலும் செடியின் வேரடியில்தான் கொப்பளிப்பார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீரில் மாட்டைக் கழுவுவார்கள். மாட்டைக் கழுவிய தண்ணீரைப் பூசணிக்கு விடுவார்கள். அதற்கப்புறமும் பானையைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டுவார்கள்.

ஒரு சட்டமும் இருந்தது. அரசனின் பாட்டன் போட்டது. ஒருவன் நிலத்தில் விழுந்த மழை அவன் வரப்பைத் தாண்டி வெளியே போகக் கூடாது. வரப்பை வெட்டித் தண்ணீரை வெளியே விட்டவனுக்கு அந்த நிலம் இல்லை. காட்டிக் கொடுத்தவனுக்கு அது சொந்தம். கெட்ட சட்டம் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சட்டத்தால்தான் நாடு உயிரோடு கிடந்தது.

அங்கே செங்கான் என்று ஒரு குடியானவன். அதிகம் பேச மாட்டான். அவன் பேச வேண்டியதையும் சேர்த்து அவன் பெண்டாட்டி பூவாத்தாள் பேசுவாள். ஒரு துண்டு நிலம், அதில் வறண்ட கிணறு ஒன்று, ஒரு ஜோடி மாடு, அவ்வளவுதான் சொத்து. கோடை மழை விழுந்ததும் எள் விதைப்பார்கள். அந்த நாட்டில் எல்லாரும் கோடையில் எள்தான்.

முந்தின வருஷம் மழை பொய்த்துவிட்டது. வீட்டில் மிஞ்சியது ஒரு கலயம் விதை. ஊரில் எல்லார் வீட்டிலும் அதே கதி. இந்த வருஷம் விதைக்கும் எள் பிழைத்தால்தான் அடுத்த வருஷத்துக்கு விதை. எள் போனால் விதை போச்சு. விதை போனால் நிலம் இருந்து என்ன, அதில் ஆடு படுத்திருக்கலாம்.

சித்திரை வந்தது. வெயில் வரவில்லை.

முதல் மழை பெய்தது. ஊரே ஆடியது. வரப்பை உயர்த்திக் கட்டி எள் விதைத்தார்கள்.

இரண்டாம் மழை பெய்தது. எள் முளைத்தது. வரப்பை இன்னும் உயர்த்திக் கட்டினார்கள்.

மூன்றாம் மழை பெய்தது. பெய்தது, பெய்துகொண்டே இருந்தது. கோடை மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் மேகத்துக்குப் பின்னால் எங்கோ போய்ப் படுத்துக்கொண்டது. அப்போதும் ஊர்க்காரர்கள் வரப்பைத்தான் உயர்த்திக் கட்டினார்கள். தெரிந்த வேலை அது ஒன்றுதானே? மழையை வா என்று கூப்பிட அவர்களுக்கு நூறு பாட்டுத் தெரியும். போ என்று சொல்ல ஒரு பாட்டும் கிடையாது.

கீழ்நிலத்துக்காரன் நல்லானின் கூத்தைக் கேளுங்கள். தண்ணீர் முட்டி அவன் வரப்பு தானாகவே உடைந்துவிட்டது. மனிதன் நடுங்கிப் போனான். சட்டம் வந்து கழுத்தைப் பிடிக்குமே! உடைப்பை அவசர அவசரமாக அடைத்தான். அடைத்ததோடு நிற்கவில்லை. வெளியே ஓடிய தண்ணீரைக் குடத்தில் மொண்டு மொண்டு வந்து மறுபடியும் நிலத்துக்குள்ளே ஊற்றினான். மேலே மழை ஊற்றுகிறது, கீழே இவன் ஊற்றுகிறான். நடுவில் எள் செடி மூக்கு வரைக்கும் முங்கிக் கிடக்கிறது.

செங்கான் மேல்வரப்பில் நின்று பார்த்தான்.

“ஏன்டா நல்லா, என்ன பண்றே?”

“தண்ணி போயிருச்சு மச்சான். திருப்பிக் கொண்டாறேன்.”

செங்கானுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுபோனது. நாமும் இத்தனை நாள் வரப்புத்தானே கட்டிக்கொண்டிருந்தோம்?

குனிந்து ஒரு எள் செடியைப் பிடுங்கினான். வேர் வெள்ளையாக இருக்க வேண்டும். தவிட்டு நிறத்தில் இருந்தது. மோந்து பார்த்தான். ஊறப் போட்டு மறந்துவிட்ட துணியின் நாற்றம்.

வேர் மூச்சு முட்டிச் சாகிறது. இன்னும் கொஞ்ச நாள், அவ்வளவுதான்.

மண்வெட்டியை எடுத்தான். வரப்பு மேல் ஓங்கினான். ஓங்கிய கை நின்றது. வெட்டினால் நிலம் போகும். நிலம் போவது இருக்கட்டும், வெட்டிய தண்ணீர் எங்கே போகும்? நேரே நல்லான் நிலத்துக்கு. பாவி ஏற்கெனவே முங்கிக் கிடக்கிறான்.

பூவாத்தாள் பின்னால் வந்து நின்றாள்.

“ஏனுங்க, வெட்டுனா நெலம் போயிரும். வெட்டாட்டி எள்ளு போயிரும். எது போகோணும்னு மழைகிட்டயே கேட்டுட்டு வரட்டுங்களா?”

செங்கான் மண்வெட்டியைத் தோளில் போட்டான். வரப்பிலிருந்து இறங்கி நிலத்துக்குள்ளே போனான். தாழ்ந்த மூலையாகப் பார்த்து ஓங்கி ஒரு வெட்டு வெட்டினான்.

“அட, நெலத்துலயே குழி வெட்டறீங்களா?”

“தண்ணி வெளிய போகக் கூடாது. உள்ளயே ஒரு மூலைல உக்காரட்டும். நீ மண்ணைக் கூடைல அள்ளு.”

புருஷனும் பெண்டாட்டியும் வெட்டினார்கள். அந்த மூலையில் இருந்த எள் எல்லாம் போயிற்று. பூவாத்தாள் அதைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதாள். அழுதுகொண்டே அள்ளினாள். குழியிலிருந்து நிலம் நெடுக வாய்க்கால் கீறினார்கள். கீறிய மண்ணைச் செடி நின்ற வரிசைக்கு அணைத்து மேடாக்கினார்கள். செடியின் காலடியில் நின்ற தண்ணீர் மெல்ல நகர்ந்து குழிக்குப் போனது. குழிக்கரையில் பூவாத்தாள் சேப்பங்கிழங்கு ஊன்றினாள். சேம்புக்குத் தண்ணீர் என்றால் கொண்டாட்டம்.

ஊர் சிரித்தது. “செங்கான் எள் நிலத்துல குளம் வெட்டறான், மீன் விதைப்பான்!”

பிறகு செங்கான் செடிகளுக்கு நடுவில் புகுந்து ஒன்று விட்டு ஒன்று பிடுங்கினான். வெயில்தான் இல்லை, காற்றாவது நுழையட்டும் என்று.

ஊர் மறுபடியும் சிரித்தது. “மழை விட்டு வைச்சதை இவன் பிடுங்கறான்!”

மிஞ்சிய செடி கறுகறு என்று நிமிர்ந்து நின்றது. ஊர் நிலத்து எள்ளெல்லாம் மஞ்சளித்துச் சாய்ந்தது. அப்போது ஊர் சிரிப்பதை நிறுத்தியது. அதுதான் ஆபத்து.

வரப்புக் காவலன் ஒண்டிமுத்து வந்தான். அரசன் வைத்த ஆள். வேலை, வரப்பைச் சுற்றி வருவது. ஆசை, நாலு வரப்பாவது தனக்கு வேண்டும் என்பது. செங்கான் நிலத்தில் செடியடியில் தண்ணீர் நிற்காததைப் பார்த்தான். கண் மின்னியது.

“எல்லார் நிலத்துலயும் தண்ணி நிக்குது. உன் நிலத்துல இந்தக் குழித் தண்ணி மட்டுந்தான் இருக்குது, மிச்சம் எங்க போச்சு? திருட்டு மடை வெச்சிருக்கே.”

“இல்லை.”

“அரசர்கிட்டச் சொன்னா உன் நிலம் போயிரும்.” பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். “ஆனா ஒண்ணு. நல்லான் வரப்பு அடைச்ச அடையாளம் இருக்குது. அவன் வெட்டினதை நீ பார்த்தேன்னு சொல்லு. அவன் நிலத்துல உனக்குப் பாதி, எனக்குப் பாதி. உன் விஷயத்தை நான் பார்க்கவே இல்லை.”

செங்கான் மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றை வழித்தான்.

“அது உடைஞ்சுது. வெட்டலை.”

“உனக்கென்னப்பா, ஒரு வார்த்தை.”

“அந்த ஒரு வார்த்தைதான் வரலை. நகரு, வேலை கெடுது.”

ஒண்டிமுத்து நேரே அரண்மனைக்குப் போனான். செங்கான், நல்லான் இரண்டு பேர் மேலேயும் புகார் வைத்தான்.

அரசன் வந்தான். பல்லக்கு சேற்றில் இறங்கவில்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தே வந்தான். வரும் வழியெல்லாம் அழுகிய எள்ளைப் பார்த்துக்கொண்டே வந்ததால் முகம் வாடிக் கிடந்தது. அவன் சொந்த நிலத்து எள்ளும் அழுகிவிட்டது. அரசன் என்று மழை பார்த்துப் பெய்யுமா?

நல்லான் ஓரத்தில் கைகட்டி நின்றான். வாய் மட்டும் முணுமுணுத்தது.

அரசன் செங்கானிடம் மூன்று கேள்வி கேட்டான்.

“இந்த நல்லான் வரப்பை வெட்டினானா?”

ஒண்டிமுத்து செங்கானை உற்றுப் பார்த்தான். இப்போதுகூட நேரம் இருக்கிறது என்று அந்தப் பார்வை சொன்னது.

“உடைஞ்சுதுங்க சாமி. ஓடின தண்ணியக் கொடத்துல மொண்டு திருப்பி ஊத்தினான். அப்படி ஒரு கிறுக்கன் வரப்பை வெட்டுவானுங்களா?”

அரசன் வாயோரம் துடித்தது. “சரி. நீ வெட்டினாயா?”

“இல்லீங்க.”

“திருட்டு மடை வைத்தாயா?”

“இல்லீங்க.”

“பொய்!” என்று கத்தினான் ஒண்டிமுத்து.

அரசன் கையைக் காட்டினான். அவன் ஆட்கள் ஒரு மூட்டை காவிக்கல்லை இடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அந்த ஊர் மண் சாம்பல் நிறம், சிவப்புத் தண்ணீருக்கு அங்கே வழியே இல்லை. காவியை மூட்டையோடு செங்கானின் குழியில் கொட்டிக் கலக்கினார்கள். குழித் தண்ணீர் ரத்தம் போலச் சிவந்தது.

“வரப்புக்கு வெளியே ஒரு சொட்டுச் சிவப்பு வந்தால் நிலம் உனக்கு இல்லை” என்றான் அரசன்.

செங்கான் வெளியில் கல் மாதிரி நின்றான். உள்ளே வேறு. அவன் மடை வைக்கவில்லை. ஆனால் நண்டு வைக்குமே! மழைக்காலத்து நண்டு கேட்டுக்கொண்டா வளை தோண்டும்? தினமும் காலையில் வரப்பைச் சுற்றி வந்து களிமண்ணால் வளை அடைத்துக்கொண்டுதான் இருந்தான். இன்றைக்கு மேல்பக்கம் அடைத்தான். கீழ்ப்பக்கம்? அரசன் வருகிறான் என்று சத்தம் கேட்டுப் பாதியில் வந்துவிட்டானே!

கீழ்ப்பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றான். கண் அங்கேதான் போனது.

பூவாத்தாள் அவன் பக்கத்தில் வந்தாள். உதடு அசையாமல் சொன்னாள். “அடைச்சுட்டேன். நீங்க போன கையோட. எப்பப் பாரு பாதி வேலைல உட்டுட்டு ஓடறது.”

செங்கான் அதற்கப்புறம் கீழ்ப்பக்கம் திரும்பவே இல்லை.

பொழுது சாயும் வரை காத்திருந்தார்கள். ஒண்டிமுத்து வரப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். மண்டியிட்டுப் பார்த்தான், சேற்றை நக்காத குறை. வெளியே ஓடிய தண்ணீர் சாம்பல் நிறத்தில்தான் ஓடியது.

“அப்படியானால் இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?” என்று கேட்டான் அரசன்.

“கொஞ்சம் சேம்பு குடிக்குதுங்க. மிச்சம் கீழ போகுது. மேலாக்க இருக்கறது மட்டும் என் நெலமில்லீங்களே சாமி, அடியிலயும் என் நெலந்தானுங்க.”

பூவாத்தாளால் சும்மா இருக்க முடியவில்லை. “கெணறு பாருங்க சாமி, கைய விட்டு மொள்ளலாமுங்க!”

அரசன் போய்ப் பார்த்தான். மொண்டும் பார்த்தான். அங்கேயே, சேற்றில் நின்றபடியே, பாட்டனின் சட்டத்துக்கு ஒரு வரி சேர்த்தான். அடுத்தவன் நிலத்தில் தண்ணீரைத் தள்ளாதே, உன் செடியையும் அதில் மூழ்கடிக்காதே, ஒவ்வொரு நிலத்திலும் ஒரு குழி இருக்கட்டும். ஒண்டிமுத்துவுக்கு வரப்பு சுற்றும் வேலை போனது. குழி வெட்டும் வேலை வந்தது.

கதை முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். எள் இன்னும் நிலத்தில்தான் நிற்கிறது.

எள் அறுப்புக்கு வந்தது, அப்போதும் வெயில் இல்லை. வழக்கமாக அறுத்த எள்ளைக் கட்டுக் கட்டாகக் களத்தில் நிறுத்துவார்கள். வெயிலில் காய் வெடிக்கும், கவிழ்த்து உதறினால் எள் கொட்டும். இந்த ஈரத்தில் களத்தில் வைத்தால் பூஞ்சணம்தான் கொட்டும்.

செங்கான் கட்டுகளை வீட்டுக்குள் கொண்டுபோனான். அடுப்புக்கு மேலே, உத்தரம் முழுக்க, தலைகீழாகத் தொங்கவிட்டான். கீழே துணி விரித்தான். சமையல் பாதி, புகை பாதி என்று அடுப்பு அணையாமல் எரிந்தது. வீட்டில் நிமிர்ந்து நிற்க இடமில்லை. இரண்டு பேரும் மாட்டுக் கொட்டகையில் போய்ப் படுத்தார்கள்.

“கட்டிக்கிட்டு வந்து இத்தனை காலம் ஆச்சு, இன்னைக்குத்தான் மாட்டோட சமமாப் படுக்க வெச்சீங்க” என்றாள் பூவாத்தாள்.

“மாடு பேசாமப் படுத்திருக்குது பாரு” என்றான் செங்கான்.

மெல்ல மெல்லக் காய் வெடித்தது. எள் துணியில் உதிர்ந்தது. நல்ல வருஷத்து விளைச்சலில் பாதிகூட இல்லை. ஆனால் நாடு முழுவதிலும், முளைக்கக் கூடிய எள் அந்த ஒரு வீட்டில்தான் இருந்தது.

முதலில் நல்லான் வந்தான். வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தான். பின்னாலேயே ஊர் வந்தது, பக்கத்து ஊர்களும் வந்தன. குளம் என்று சிரித்தவன் வந்தான், பிடுங்குகிறான் என்று சிரித்தவனும் வந்தான். கடைசியில், எல்லாருக்கும் பின்னால், ஒண்டிமுத்துவும் வந்தான்.

பூவாத்தாள் செங்கான் காதில் சொன்னாள். “இவனுக்குமா?”

“அவன் பண்ணுனதுக்கு விதை என்ன பண்ணும்?”

ஆளுக்கு ஒரு படி அளந்தான். ஒண்டிமுத்துவுக்கும் அதே படிதான். அவன் முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். எல்லாரிடமும் ஒரே பேச்சுத்தான் பேசினான்.

“குழி வெட்டிட்டு விதை. வெயில் காஞ்சா அந்தக் குழித் தண்ணி உனக்குக் குடிக்க. மழை கொட்டுனா அந்தக் குழி உன் செடி மூச்சு விட. போ, போ, நிக்காதே.”

அடுத்த வருஷம் முள்ளிநாட்டில் ஒவ்வொரு நிலத்திலும் எள் பூத்தது.

பெரியவர்களும் சின்னவர்களும் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: காலம் மாறி வரும்போது பழைய பழக்கத்தையே பிடித்துக்கொண்டு நிற்காமல், அடுத்தவனுக்குக் கேடு செய்யாமல், தன் வேலையை மாற்றிக்கொள்கிறவன் தானும் பிழைப்பான், ஊரையும் பிழைக்க வைப்பான்.