கதவுக்கு அந்தப் பக்கம் புடிக்க ஒரு கை

மலைக்கும் கணவாய்க்கும் யாரும் பேரு வைக்காத காலம். மேற்கால ஒரு ராஜா, கிழக்கால ஒரு ராஜா, நடுவுல ஒரே ஒரு கணவாய். இதுல சண்டை கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் ஒரு போல்ட்டைப் பத்தி.

ஆமா, போல்ட்டுதான். அந்தக் காலத்துல அதுக்கு என்ன பேரோ, நாம போல்ட்டு, நட்டுன்னே வெச்சுக்குவோம்.

ராஜாக்கள் ரெண்டு பேரும் மொறைச்சுக்கிட்டாங்க. கணவாயை மறிச்சு ரெட்டை இரும்புக் கதவு போட்டாங்க. ஒரு கதவு மேல இன்னொண்ணு ஏறுற எடத்துல, ரெண்டையும் துளைச்சு ஒரு போல்ட்டு, தொடை தண்டிக்குத் தடிமன். தலை கிழக்குப் பக்கம். நட்டு மேற்குப் பக்கம்.

கதவு மூடின அன்னிக்குத்தான் மாயழகு கழுதை மேல உப்பு மூட்டையை ஏத்திக்கிட்டு கிழக்கே போயிருந்தான். ராச்சோத்துக்கு வந்துடுறேன்னு சொல்லிட்டுப் போனவன்.

அவன் பொஞ்சாதி சிலம்பாயி செக்கு ஓட்டுறவ. மாட்டை அவுத்து விட்டதும் தினம் போயி கதவுல காது வெச்சுப் பாப்பா. ஒரு சத்தமும் கேக்காது, அவ்வளவு கனமான இரும்பு. கோடையில காது சுடும், மழையில சில்லுன்னு இருக்கும். கதவு அவகிட்ட சொன்னது அவ்வளவுதான். இப்படியே ஒம்பது வருஷம்.

அப்புறம் ஒருநாள் எதுக்குச் சண்டை போட்டோம்கிறதே ராஜாக்களுக்கு மறந்துபோச்சு. புறா கால்ல ஓலை கட்டி விட்டு சமாதானம் ஆயிட்டாங்க. கதவைத் தொறங்கன்னாங்க. தொறந்தாத்தானே? ஒம்பது மழை குடிச்ச போல்ட்டு. நட்டு எங்க முடியுது, கதவு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாத அளவுக்குத் துரு.

மொதல்ல ஒரு மல்லன் வந்தான். நட்டைக் கவ்விப் புடிக்க ஒரு இரும்புக் கவ்வி, அதுக்குப் பின்னால நீளமா ஒரு கம்பம். "தள்ளுங்க எல்லாரும்"னு சொல்லி ஒரே இழுப்பு இழுத்தான். கவ்வி வழுக்கி நட்டோட மூலையெல்லாம் மழுங்கிப்போச்சு. மல்லன் குப்புற விழுந்தான்.

அடுத்து அரண்மனைக் கொல்லன். துருத்தி வெச்சு ஊதி, நட்டையும் போல்ட்டையும் சேத்துச் செவக்கச் செவக்கச் சுட்டான். ரெண்டும் சேந்து பெருத்தா எப்படிக் கழலும்? கோவத்துல சம்மட்டியால ஓங்கி அடிச்சான். மேல மலையிலேருந்து கல்லு உருண்டு வந்துச்சு.

மேற்கு ராஜா நடுங்கிட்டாரு. "போதும்யா, மலையே தலையில விழுந்துடும். இன்னும் ஒரே ஒரு ஆளு பாக்கட்டும். மூணு நாள்ல முடியலைன்னா கல்லு வெச்சு ஒரேயடியா அடைச்சுடுங்க."

ராஜாவுக்குக் கணவாய் இல்லாட்டியும் புறா இருக்கு. சிலம்பாயிக்கு யாரு இருக்கா? முன்னால போயி நின்னா.

"நான் பாக்குறேன் சாமி."

கொல்லன் சிரிச்சான். "செக்காட்டுறவளா? தாளிக்கப் போறியா ஆத்தா?"

"நீ சுட்டுக் கருக்கினதை நான் தாளிச்சுப் பாக்குறேன் அண்ணே. தப்பா?"

மொத நாள் புளியைக் கரைச்சு ஊத்தித் தேய்ச்சா. துரு செவப்புத் தண்ணியா வழிஞ்சு, போல்ட்டைச் சுத்திச் சுத்தி ஓடுற மரை வரி தெரிஞ்சுது. அப்புறம் எண்ணெய். கெட்டியான விளக்கெண்ணெயை அவ தொடவே இல்ல. வீட்டுல ஒரு எண்ணெய் இருந்துச்சு, மண்பானையில ஊத்தினா பானைக்கு வெளியே வேர்த்து நிக்கும், அவ்வளவு மெல்லிசு. விக்க முடியாம மூலையில கெடந்தது. பானையவே தாண்டுறது இந்த இடுக்குல போகாதான்னு ராப்பகலா ஊறவிட்டா.

ரெண்டாம் நாள் நட்டுக்கு மட்டும் சூடு. போல்ட்டுக்கு ஈரத்துணி. நட்டு விரிய விரிய எண்ணெய் உள்ள எறங்கிச்சு. நட்டைச் சுத்தி மரக்கொட்டாப்புளியால தட்டினா, புள்ளையத் தட்டித் தூங்க வெக்கிற மாதிரி. மலைக்குக் கேக்காத தட்டு.

மூணாம் நாள் மழுங்கின நட்டுல சாக்கைச் சுத்திக் கவ்வியைக் கெட்டியா மாட்டினா. எல்லாரும் எடப்பக்கம் தள்ளத்தானே பாத்தாங்க? அவ மொதல்ல வலப்பக்கம், இறுக்குற பக்கம், ஒரு மயிரிழை தள்ளினா.

"எங்க தள்ளுறா பாருங்கய்யா"ன்னு மல்லன் தலையில அடிச்சுக்கிட்டான்.

"பிடிச்சதை விடவெக்கணும்னா அசைச்சாப் போதும்ணே. எந்தப் பக்கம் அசைஞ்சா என்ன?"

கிறீச்சுன்னுச்சு. அசைஞ்சுடுச்சு. ஊரே மூச்சை அடக்குச்சு. இப்ப எடப்பக்கம் தள்ளினா. சுத்துது, நல்லாவே சுத்துது. ஆனா நட்டு வெளிய வரல. போல்ட்டும் சேந்து சுத்துது.

கொல்லன் மெதுவா சொன்னான், இந்தத் தடவ சிரிக்கல. "அந்தப் பக்கம் தலையை ஒருத்தர் புடிச்சாத்தான் ஆத்தா கழலும். புறா கிழக்கு ராஜாகிட்டப் போயி, அவரு ஆளனுப்ப ஏழு நாளாகும். ராஜா குடுத்த கெடு இன்னிக்கு முடியுது."

கல்லு சுமக்குறவங்க ஓரமா வந்து நின்னாச்சு.

சிலம்பாயி கதவைப் பாத்தா. ஒம்பது வருஷமா காது வெச்ச எடம் வழவழன்னு இருந்துச்சு. அந்தப் பக்கமும் ஒருத்தன் வந்து நிப்பானா? இல்ல, வேற குடித்தனம் போட்டு உப்பு வித்துக்கிட்டிருப்பானா? உசுரோட இருக்கானா? தெரியாது. எத்தனை எண்ணெய் ஊத்தினாலும் அது மட்டும் தெரியாது.

கவ்வியைப் புடிச்சா. வலப்பக்கம் ஒரு சாண், எடப்பக்கம் ஒரு சாண். நிறுத்தினா. மறுபடியும் வலப்பக்கம், எடப்பக்கம். நிறுத்தினா. அந்தப் பக்கம் தலை அசையும்ல, பாக்க ஒரு கண்ணு இருந்தா புரிஞ்சுக்கும்ல.

வெயில் ஏறிச்சு, எறங்கிச்சு. உள்ளங்கை கிழிஞ்சு எண்ணெயோட ரத்தம் கலந்துச்சு. "போதும் விடும்மா"ன்னு ராஜாவே சொல்லிட்டாரு.

"இன்னும் பொழுது இருக்கு சாமி."

வலப்பக்கம், எடப்பக்கம்.

திடீர்னு கவ்வி நின்னுபோச்சு. துருவோட இறுக்கம் இப்படி இருக்காது, அது மூணு நாளா அவளுக்கு அத்துப்படி. இது வேற. இது லேசா நடுங்குச்சு. அந்தப் பக்கம் ஒருத்தர் மூச்சைப் புடிச்சுக்கிட்டுத் தாங்குற நடுக்கம்.

சிலம்பாயி பல்லைக் கடிச்சுக்கிட்டு எடப்பக்கம் தள்ளினா. போல்ட்டு அப்படியே நின்னுச்சு. நட்டு மட்டும் சுத்துச்சு. ஒரு மரை, ரெண்டு மரை, மூணு மரை. கடைசியில அவ காலடியிலயே வந்து விழுந்துச்சு.

போல்ட்டை அந்தப் பக்கம் தள்ளினதும் கதவு தொறந்துச்சு. போல்ட்டுத் தலையில கயிறைச் சுத்தி, தோள்ல கட்டி, காலைப் பாறையில முட்டுக் குடுத்து ஒருத்தன் நின்னான். முடியெல்லாம் உப்பு மாதிரி வெளுத்துப்போயிருந்துச்சு.

"தினம் வர்ற மாதிரி மத்தியானம் வந்து பாத்தா இது தானா ஆடுது, பேயோன்னு ஓடிட்டேன்"னான் மாயழகு. "அப்புறம் யோசிச்சேன். பேய்க்கு இவ்வளவு பிடிவாதம் ஏது? இது எங்க வீட்டு ஆளுதான்னு திரும்பி வந்து புடிச்சேன்."

சிலம்பாயி கிட்டப் போனா. அவன் தோள்ல கயிறு அறுத்த எடத்துல, தன்னோட எண்ணெய்க் கையை வெச்சா.

இறுகிப்போனது எதுவானாலும் பொறுத்திருந்து எளக்கத் தெரியணும், ஆனா அது முழுசாக் கழலணும்னா அந்தப் பக்கமும் ஒரு கை புடிச்சாகணும்.