உப்பளத்துக் குழந்தைக்கு மாமன் மடி

மதிய வெயிலில் தரையும் வானமும் ஒட்டிக்கொள்ளும் உப்பளம் அது. அந்த வெள்ளை வெளிச்சத்தில் உப்பு வாரும் சந்தனமாரிக்கு மறுநாள் மகளின் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத்தான் தாய்மாமன் இல்லை. கூடப்பிறந்த அண்ணன் இருக்கிறான், தனக்கு எச்.ஐ.வி. என்று அவள் நம்பிச் சொன்ன நாளிலிருந்து வாசற்படி மிதிப்பதில்லை. அவனெல்லாம் ஒரு அண்ணன்!

யாரைக் கூப்பிடுவது என்று நினைத்தபடியே கொட்டகை நிழலில் கண்ணயர்ந்தாள். கனவில் பாத்திகளெல்லாம் பாலாய்த் ததும்பின. அதன்மேல் கால் நனையாமல் மூன்று பேர் நடந்து வந்தார்கள்.

முதலில் வந்தவர் அரசு மருத்துவமனை ஆலோசகர் செல்லத்துரை. கனவில் யாருக்கும் அடக்கம் கிடையாது. "வயித்துல புள்ளையோட வந்த உன்னை ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதிக்க வச்சவன் நான். தினமும் மாத்திரை போட்டா புள்ளையைக் காப்பாத்திடலாம்னு தைரியம் சொன்னேன். உன் ரகசியம் என்னைத் தாண்டிப் போகல. மாமன் மடி எனக்குத்தான்" என்றார். சொன்னதெல்லாம் உண்மை.

அடுத்து, பிரசவம் பார்த்த டாக்டர் நசீமா. "பொறந்த கையோட பாப்பாவுக்கு மருந்து கொடுத்தேன். வாரக்கணக்கா விடாமக் கொடுக்க வச்சேன். பால்குடி மறந்தப்புறம் கடைசிப் பரிசோதனையில ஒண்ணுமில்லன்னு வந்துச்சே!" அதுவும் உண்மை. அன்று சந்தனமாரி சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதாள்.

மூன்றாவது நர்ஸ் ரோஸ்லின். அவள் எதையும் கேட்கவில்லை. குழந்தைக்கு அவள் ஒரு சொட்டு மருந்துகூடக் கொடுத்ததில்லை. பிள்ளை தப்பித்ததே போதும் என்று சந்தனமாரி தன் மாத்திரைகளை நிறுத்தியபோது, உப்பளம்வரை தேடி வந்தவள். "ஏட்டி, பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல, சரி. ஒன் மாத்திர எங்க?" என்று ஏசிவிட்டு, கையோடு சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போனாள்.

பிள்ளையை மடியில் வைத்து மாமன் உட்காரும் ஒரே மணையை மூவரும் பார்த்தபடி நிற்க, கனவு கலைந்தது.

நீங்கள் சொல்லுங்கள்: பிள்ளையைக் காப்பாற்றியவர்கள் இருவர்; பிள்ளைக்கு எதுவுமே செய்யாதவள் ஒருத்தி. மாமன் மடி யாருக்கு உரியது?

விடை: ரோஸ்லினுக்கு. மற்ற இருவரும் இல்லையென்றால் அந்தக் குழந்தைக்கு நோய் தொற்றியிருக்கலாம். அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து விருந்து போடத்தான் வேண்டும். ஆனால் தாய்மாமன் என்பவன் முதலில் தாய்க்கு உடன்பிறப்பு, அதனால்தான் பிள்ளைக்கு மாமன். பிள்ளை பிழைத்த பிறகும் தாயைத் தேடி வந்தவள் ரோஸ்லின் ஒருத்திதான். மறுநாள் சந்தனமாரி மணையைக் காட்டியதும் அவள் சிரித்துவிட்டாள். "ஆம்பள உக்கார்ற எடம்ட்டி அது." 

"கூடப்பொறந்தவங்க உக்கார்ற எடம்க்கா" என்று சந்தனமாரி பிள்ளையை அவள் மடியில் வைத்தாள்.