முதல் இரண்டு வாஃபிள்

எங்கள் மூன்று பேரையும் பற்றி பாவூர்சத்திரத்தில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். ஆனால் அவர்கள் சிரித்து முடித்துப் பதில் சொல்ல நேரமாகும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பெரியண்ணன் பெயர் உச்சிமாகாளி. சின்னண்ணன் சுடலைக்கண்ணு. கடைக்குட்டி வேலாண்டி, அது நான். எங்களுக்கு சவுண்டு சர்வீஸ் தொழில். கல்யாணம், கோயில் கொடைத் திருவிழா, பூப்புனித நீராட்டு எதுவானாலும் மைக், குழாய் ஸ்பீக்கர், சீரியல் விளக்கு எல்லாம் நாங்கள்தான் கட்டுவோம். மூன்று பேரும் ஒரே வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். மூளையும் கூட்டுதான், மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று.

அண்ணன்மார் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண்ணைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பெரியவர்கள் அனுப்பினார்கள். போனார்கள், பார்த்தார்கள், வந்துவிட்டார்கள். மேற்கொண்டு ஏதாவது செய்யும்படி யாரும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் பிரமு வாய்த்தாள். அவள் கெட்டிக்காரி. அவள் எப்படி என்னைக் கட்டிக்கொண்டாள் என்பது ஊருக்கு விளங்கவில்லை. எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

பிரமு தினமும் காலை நாலு மணிக்கு எழுந்து எங்கள் மூன்று பேருக்கும் டிபன் செய்வாள். ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நாங்கள் தோசை சுடுகிறோம், நீ தூங்கு என்று ஒருமுறை வீரமாகச் சொன்னோம். வெந்ததும் திருப்பிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். எத்தனை தடவை திருப்பிப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. அவள் புகை வாடைக்கு எழுந்து வந்தபோது சின்னண்ணன் நாற்பத்து மூன்றாவது தடவை திருப்பிக்கொண்டிருந்தார். அதோடு எங்களைச் சமையலறையிலிருந்து விலக்கிவிட்டாள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் திருநெல்வேலிக்குப் போன இடத்தில் பிரமு ஒரு கடையில் வாஃபிள் சாப்பிட்டாள். கட்டம் கட்டமாகப் பள்ளம் விழுந்த ரொட்டி அது. மாவை ஊற்றி மூடினால் போதும், திருப்பிப் போடும் வேலையே இல்லை, இரண்டு பக்கமும் தானாக வெந்துவிடும் என்று அந்தக் கடைக்காரப் பெண் சொல்லியிருக்கிறாள். திருப்பிப் போட வேண்டாம் என்றதும் பிரமுவின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் பாத்திரக்கடை செல்லையாவிடம் அந்த மிஷின் ஒன்று இருந்தது. "மூணு நாளு வீட்டுல வச்சு சுட்டுப் பாருங்க. புடிச்சா வாங்கிக்கிடுங்க, புடிக்கலைன்னா பெட்டியோட கொண்டாந்துருங்க" என்று கொடுத்துவிட்டார்.

பிரமு வியாழக்கிழமை சாயங்காலம் அவள் அக்கா மகள் வளைகாப்புக்கு ஆலங்குளம் கிளம்பினாள். கிளம்பும்போது எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்தாள்.

"பெரியத்தான், சின்னத்தான், கேட்டுக்கிடுங்க. மாவு, பாலு, முட்டை எல்லாம் வாங்கி வச்சிருக்கேன். பெட்டிக்குள்ள தமிழ்ல ஒரு தாளு கெடக்கு. அதுல உள்ளபடி செய்யுங்க. ஞாயித்துக்கெழம காலைல வந்துருவேன். நல்ல வாஃபிளா ரெண்டு தட்டுல இருந்தா மிஷின வாங்கிருவோம். அப்புறம் ஞாயித்துக்கெழம டிபன் ஒங்க பாடு, நான் ஒறங்குவேன். இல்லன்னா திருப்பிக் குடுத்துட்டு நான் நாலு மணிக்கே எந்திரிச்சுக்கிடுதேன்."

கடைசி வரியைச் சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது ஒரு நாள் தூக்கம்தான். இதிலாவது ஜெயித்துவிட வேண்டும் என்று மனசுக்குள் சங்கல்பம் செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தாளை எடுத்தோம். பெரியண்ணன் மைக்கில் அறிவிப்புச் செய்யும் குரலில் வாசித்தார்.

"ஒன்று. கருவியைச் சமதளமான இடத்தில் வைக்கவும்."

சமையல் மேடையில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்த்தோம். உருண்டது. தரையில் வைத்தோம். அங்கேயும் உருண்டது. வீடு முழுக்கக் கோலியோடு அலைந்ததில், அது அசையாமல் நின்ற ஒரே இடம் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் தலை. மிஷினை அதன்மேல் வைத்து மாவை ஊற்றி மூடினோம்.

"இரண்டு. பச்சை விளக்கு எரிந்த பிறகே மூடியைத் திறக்கவும்."

சொல்லி வாயை மூடவில்லை, கரண்ட் போய்விட்டது.

பச்சை விளக்கு எரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் மிஷினைச் சுற்றி உட்கார்ந்து அரை மணி நேரம் அதையே பார்த்தோம். பிறகு சின்னண்ணன் எழுந்தார்.

"பச்சை வெளக்குதான வேணும்? நம்மகிட்ட இல்லாத பச்சை வெளக்கா?"

ஜெனரேட்டரை ஓடவிட்டு, கொடைக்குக் கட்டும் சீரியல் செட்டைக் கொண்டுவந்து மிஷினைச் சுற்றிக் கட்டினார். இருநூறு பச்சை விளக்கு. அவ்வளவும் எரிந்ததும் பெரியண்ணன் கைகூப்பிவிட்டு மூடியைத் திறந்தார். பச்சை மாவு ஒழுகி ஆம்ப்ளிஃபயருக்குள் இறங்கியது.

"பச்சை எரிஞ்சுதா?" என்றார் பெரியண்ணன்.

"எரிஞ்சுது."

"அப்புறந்தான தொறந்தோம்?"

"அப்புறந்தான் தொறந்தோம்."

"அப்போ நம்ம மேல தப்பில்ல. மாவு தாளை வாசிக்கலை."

எனக்கும் அது சரியாகவே பட்டது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்குத் தலையாட்டினவன் நான்.

கரண்ட் வந்த பிறகு மறுபடியும் ஊற்றினோம். மிஷினின் சொந்தப் பச்சை விளக்கு எரிந்தது. திறந்தால், தங்க நிறத்தில் இரண்டு வாஃபிள், கட்டம் கட்டமாக, மணம் வீசிக்கொண்டு. எங்கள் வாழ்க்கையில் நாங்கள் சுட்டு உருப்படியாக வந்த முதல் பொருள். சின்னண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கையை நீட்டினேன்.

"நில்லுல!" என்றார் பெரியண்ணன். "மூணாவது வரி கெடக்கு. புதுக் கருவியில் முதலில் சுடும் இரண்டு வாஃபிள்களை உண்ண வேண்டாம்."

"திங்காம என்ன செய்ய?"

"அத எழுதல."

"தூரப் போட்டுருவோமா?"

"அன்னத்தைத் தூரப் போடவா? எந்த வீட்டுலயாவது அடுக்குமா?" பெரியண்ணன் கண்ணை மூடி யோசித்தார். "நமக்கு முன்னால திங்க வேண்டியது யாரு? அமாவாசைக்கு யாருக்கு மொதல்ல வைக்கோம்?"

"காக்காவுக்கு."

"அதான் வழி."

சின்னண்ணனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "மனுசன் திங்கக் கூடாதுன்னு போட்டிருக்கான். காக்கா திங்கலாமா?"

பெரியண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காக்கான்னு ஒரு எழுத்துகூட இல்லை. தாராளமாத் திங்கலாம்."

இரண்டு வாஃபிளையும் வாழை இலையில் வைத்து மொட்டைமாடிச் சுவரில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். காக்கா சாப்பிடாமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது என்பது தெரிந்ததுதான். ஒரு காக்கா வந்தது. கட்டத்தை உற்றுப் பார்த்தது. அதைக் கூண்டு என்று நினைத்ததோ என்னவோ, பறந்துவிட்டது.

மத்தியானம் வாஃபிள் விறைத்துப்போனது. பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டு வேறு இரண்டு சுட்டோம்.

"இது மூணாவதும் நாலாவதும்லா? நாம தின்னுருவோமே" என்றேன்.

"காக்கா தின்னாத்தான மொதல் ரெண்டு கழியும்? கழியாத வரைக்கும் சுடுததெல்லாம் மொதல் ரெண்டுதான்" என்றார் பெரியண்ணன். பரோட்டா கடைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் சுட்டோம்.

சனிக்கிழமை விடிந்தது. மறுநாள் பிரமு வந்துவிடுவாள். "நம்ம கூப்பிடுதது காக்காவுக்குக் கேக்கலையோ?" என்று நான்தான் சொன்னேன். அந்த யோசனை என்னுடையது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மாவு இறங்காத இன்னொரு ஆம்ப்ளிஃபயரை எடுத்தோம். மாடியில் நாலு திசைக்கும் நாலு குழாய் கட்டினோம். பெரியண்ணன் மைக்கைத் தட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

"கா... கா... கா..."

சத்தம் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனது. ஊரில் என்ன நடந்தது என்பதைச் சாயங்காலம்தான் தெரிந்துகொண்டோம். வீட்டுக்கு வீடு இதே பேச்சுதானாம்.

"ஏட்டி, இன்னைக்கு அமாவாசையா? கேலண்டர்ல காணலியே!"

"குழாய்லயே கூப்பிடுதாங்க, கேலண்டரப் பாத்துக்கிட்டு நிக்கியே. ஒலையில அரிசியப் போடு!"

ஒரு மணி நேரத்தில் ஊரிலுள்ள அத்தனை மொட்டைமாடியிலும் சாதம், பருப்பு, நெய், வடை, பாயசம். சுற்றுவட்டாரக் காக்கா மொத்தமும் வந்து எல்லா வீட்டிலும் சாப்பிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் சாப்பிடவில்லை. ஒரு காக்கா எங்கள் சுவரில் வந்து உட்கார்ந்தது உண்மை. வயிறு முட்டி, மூச்சு வாங்கி, கொஞ்ச நேரம் இளைப்பாறிவிட்டுப் போனது.

சனிக்கிழமை முடியும்போது மொத்தம் முப்பத்தெட்டு வாஃபிள் சுட்டிருந்தோம். முப்பத்தெட்டும் முதல் இரண்டு. ஆடு எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மீதி மாவில் கடைசி இரண்டைச் சுட்டு மாடியில் வைத்தோம். நான் காக்காவைத் தேடி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பஸ்ஸில் வந்த பிரமு, வீட்டில் யாரையும் காணாமல் மாடிக்கு ஏறி வந்தாள். ஊரெல்லாம் அமாவாசைக் கதையைக் கேட்டுக்கொண்டே வந்திருப்பாள் போல. அவள் முகம் ஒரு தினுசாக இருந்தது.

"பசிக்கி. வாஃபிள் எங்க?"

"அந்தா இருக்கு பிரமு. ஆனா காக்கா திங்கணும்" என்றேன். தாளின் முதல் வரியிலிருந்து காக்காவின் மூச்சு வாங்கல் வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். தோற்றுவிட்டேன், இனி எல்லா ஞாயிற்றுக்கிழமையும் உனக்கு நாலு மணிதான், என்னை மன்னித்துவிடு என்று சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிரமு சுவர் அருகே போனாள். இலையிலிருந்து ஒரு வாஃபிளை எடுத்துக் கடித்தாள்.

"தாயீ! அது மொதல் ரெண்டு!" என்று அலறினார் பெரியண்ணன்.

"இதுக்கு முந்தி எத்தனை சுட்டீங்க பெரியத்தான்?"

"முப்பத்தெட்டு. ஆனாலும் இதுதான் மொதல் ரெண்டு."

இரண்டாவதையும் எடுத்துச் சாப்பிட்டு முடித்தாள். கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கு. மிஷின வாங்கிருவோம்" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் அவள் காலில் விழலாம் போலிருந்தது. அண்ணன்மார் இருந்ததால் விழவில்லை.

ஆனால் பெரியண்ணன் விடவில்லை. "காக்காவுக்கு வச்சதத் தின்னது யாரு? பிரமு. அப்போ இந்த மிஷினுக்குக் காக்கா யாரு?"

"பிரமு" என்றார் சின்னண்ணன்.

"அப்போ வாராவாரம் மொதல் ரெண்டு பிரமுவுக்கு வைக்கணும். அவ தின்ன பெறவுதான் நாம திங்கணும்."

நான் பிரமுவைப் பார்த்தேன். இவர்கள் விடிகாலையில் சுட்டுவிட்டு அவளை எழுப்பிவிடுவார்களே! அவள் தூக்கம் என்ன ஆவது? ஆனால் பிரமு பதறவில்லை. கொஞ்சம் யோசித்தாள். அவளைப் போய் எனக்குக் கட்டிக் கொடுத்தார்களே என்று மறுபடியும் ஆச்சரியப்பட்டேன்.

"நீங்க சொன்னா சரிதான் பெரியத்தான். நானே காக்காவா இருந்துக்கிடுதேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. காக்கா கூட்டுக்குப் போய் யாராச்சும் அத ஒறக்கத்துலருந்து எழுப்புவாங்களா?"

பெரியண்ணன் திகைத்தார். "சேச்சே! அது பாவம்லா."

"அது தானா எந்திரிச்சு வந்து திங்குத வரைக்கும் காத்துத்தான் இருக்கணும், இல்லையா?"

"காத்துத்தான் இருக்கணும். அதான் முறை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரமு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். தென்காசிப் பக்கமிருந்து சாரல் காற்று சுகமாக அடித்தது. நாங்கள் ஆறு மணிக்கே சுட்டு, இலையில் வைத்து, அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஏழு ஆனது. எட்டு ஆனது. மணி ஒன்பதரை. அவள் புரண்டு படுத்துச் சின்னதாகக் குறட்டை விட்டாள். ஒன்பது வருஷத்தில் அவள் குறட்டையை நான் கேட்டது அன்றுதான். எங்கள் மூன்று பேர் வயிறும் கூவிக்கொண்டிருந்தது, இருந்தாலும் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அப்போது சுவரில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. எங்களைப் பார்த்தது. இலையைப் பார்த்தது. தத்தித் தத்தி வந்து, வாஃபிளில் ஒரு கட்டத்தைக் கொத்தி வாயில் போட்டுக்கொண்டது. ருசி பிடித்துப்போய் இன்னொரு கட்டத்தையும் கொத்தியது.

பெரியண்ணன் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு பாய்ந்தார். பிரமு எழுந்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு விரட்டினார்:

"சூ! போ அங்கிட்டு! அது காக்காவுக்கு வச்சிருக்கு!"