கொப்பலாதோ

முன்னொரு காலத்தில், முத்துக் குளிக்கும் கடலோரத்தில் சங்கமாபுரி என்றொரு சீமை. அதை ஆண்டவன் கீர்த்திமாறன். நல்ல ராஜாதான், ஆனால் கேள்விப் பைத்தியம். இலையில் சோறு விழுவதற்குள், "கிரகணம் ஏன் பிடிக்கிறது? வீணை மூத்ததா, யாழ் மூத்ததா?" என்று ஆரம்பித்துவிடுவான். பதில் சொன்னவனுக்குப் பட்டு, முழித்தவனுக்குப் பட்டினி.

அந்தச் சபையின் ஓரத்தில், தூணோடு தூணாக ஒரு ஸ்பெயின் தேசத்து மாலுமி உட்கார்ந்திருப்பான். பெயர் எஸ்தேபான். கப்பல் பாறையில் மோதி உடைந்ததில் அவன் ஒருவன்தான் உயிரோடு கரை ஒதுங்கினான். ஊர் வாயில் அந்தப் பெயர் நுழையாமல் எத்தப்பன் ஆகிவிட்டது. தமிழ் பேசக் கற்றுக்கொண்டான், புளிக்குழம்பு சாப்பிடக் கற்றுக்கொண்டான். அவன் பாஷையைப் பேசத்தான் ஆளில்லை. கடற்கரையில் நின்று தனக்குத் தானே பேசிப் பார்த்தான். "வெள்ளைக்காரனுக்குப் பேய் பிடித்துவிட்டது" என்று வலை இழுப்பவர்கள் சிரித்தார்கள். அதோடு அதையும் விட்டுவிட்டான்.

ராஜா அவனை அவன் தேசத்துக் கதை சொல்லச் சொல்வான்.

"எங்கள் ஊரில் குதிகாலால் தரையைத் தட்டித் தட்டி ஆடுவார்கள், மகாராஜா. முரட்டுக் காளைக்கு முன்னால் துணியை வீசி விளையாடுவார்கள். ஓர் அரண்மனை முற்றத்தில் கல் சிங்கங்கள் நீர்த்தொட்டியை முதுகில் சுமந்து நிற்கும். அவற்றின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும்."

ராஜா சொக்கிப்போவான். அது பொறுக்காதவர் ஆஸ்தான வித்துவான் குணபூஷணர். ஒருநாள் எழுந்தே விட்டார்.

"மகாராஜா, சிங்கம் தொட்டி சுமக்குமா? அந்தத் தேசத்துக் கலை, சாஸ்திரம், சரித்திரம், காவியம், பாஷை எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இவன் எத்தப்பன் இல்லை, எத்தன்!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவின் முகம் சட்டென்று கறுத்தது. "அப்படியா? நாளைக்கே சோதனை. பொய் சொன்னவன் ஆயுசுக்கும் உப்பளத்தில் உப்பு வாரட்டும்!"

எஸ்தேபான் மந்திரி சாத்தப்பரிடம் ஓடினான். "ஐயா, என் தேசத்தைப் பார்த்தவர் இங்கே வேறு யாருமில்லையே. எனக்கு யார் சாட்சி?"

"சாட்சி வேண்டாம். நான் கேட்பதற்கு, உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல். போ" என்றார் மந்திரி.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. மந்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரே கேள்விதான். ஸ்பெயின் தேசத்தில் 'கொப்பலாதோ' என்றால் என்ன? வித்துவான் முதலில் சொல்லட்டும்."

குணபூஷணர் கண் இமைக்கவில்லை. "கொப்பலாதோ! ஆகா! அது அந்தத் தேசத்து மகா காவியமல்லவா? பாடியவர் ஒரு கடற்படைத் தலைவர். அறுவடைக் காலத்தில் வீட்டுக்கு வீடு பாடுவார்கள். அதைக் கேட்டு அழாத ஸ்பானியன் கிடையாது."

அவர் சொல்லச் சொல்ல எஸ்தேபான் தன் ஞாபகத்தைத் துழாவினான். கொப்பலாதோ... எத்தனை துழாவியும் அகப்படவில்லை. கொஞ்ச நாளாகவே ஒவ்வொன்றாக மறந்துகொண்டுதான் வந்தது. போன மாசம், ஊசிக்குத் தன் அம்மா என்ன சொல் சொல்வாள் என்று ஒரு பகல் முழுக்க யோசித்தும் வரவில்லை. இதுவும் அப்படிப் போயிருக்குமோ? "ஆமாம், காவியம்தான்" என்று ஒத்து ஊதிவிட்டால் உப்பளத்திலிருந்து தப்பலாம். ஆனால் தெரியாத ஒன்றை ஆமாம் என்று சொன்னால் மனசில் மிச்சமிருக்கும் ஊரும் கையைவிட்டுப் போய்விடும் என்று பட்டது.

"நீ சொல்லப்பா" என்றார் மந்திரி.

"எனக்குத் தெரியவில்லை, ஐயா."

"சொந்தத் தேசத்துக் காவியம் தெரியாதா?" என்று துள்ளினார் குணபூஷணர்.

"நான் கேட்டதே இல்லை." எஸ்தேபான் ராஜா பக்கம் திரும்பினான். "கேட்டு மறந்தேனோ என்னவோ. பேசாத பாஷை தங்குமா? சரிபார்த்துக்கொள்ள எனக்குப் பக்கத்தில் ஒருத்தரும் இல்லையே, மகாராஜா."

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"நீ ஒன்றையும் மறக்கவில்லையப்பா" என்றார் மந்திரி. "மகாராஜா, இன்று காலை நான் வாய் கொப்பளித்தபோது தொண்டையில் எழுந்த ஓசை அது. அதற்குத்தான் நம் வித்துவான் ஒரு காவியமே பாடிவிட்டார். தெரியாததைத் தெரியாது என்றவன் சொன்ன சிங்கத்தை நான் நம்புகிறேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். குணபூஷணர் தரையைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியதும் ராஜா கேட்டான், "எஸ்தேபான், உனக்கு என்ன வேண்டும்? பொன்னா, நிலமா?"

"ஊருக்குக் கப்பல் கேட்கலாம். உங்கள் துறையிலிருந்து அவ்வளவு தூரம் போகும் கப்பல் இல்லை. வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை, மகாராஜா."

ராஜா மந்திரியைப் பார்த்தான்.

"உப்பளத்தில் ஆள் நிறைய இருக்கிறது" என்றார் சாத்தப்பர். "வித்துவான் ஸ்பெயின் பாஷை தெரியும் என்றார். அதை மெய்யாக்கட்டும். தினமும் இவனிடம் உட்கார்ந்து படிக்கட்டும்."

"பலே! அதுவே தண்டனை, அதுவே வெகுமதி!" என்று தொடையைத் தட்டினான் ராஜா.

மறுநாள் பிற்பகல் குணபூஷணர் வந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, எஸ்தேபானுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ம். தண்ணீருக்கு என்ன?"

"ஆகுவா."

"ஆக்குவா."

"ஆகுவா."

"ஆகுவா" என்றார் வித்துவான். இந்தத் தடவை சரியாக வந்துவிட்டது.

எஸ்தேபான் கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த வார்த்தையைக் கேட்க நிமிர்ந்த குணபூஷணர் அவன் முகத்தைப் பார்த்தார். கேட்க வந்ததை விட்டுவிட்டு, அவன் கேட்காமலேயே, மெதுவாக இன்னொரு முறை சொன்னார்.

"ஆகுவா."