கூரையேறிய பூளைப்பூ

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் மனிதரோடு பேசும். சூரியன்கூட ஆண்டுக்கு ஒருமுறை, வடக்கே திரும்புவதற்கு முன்னால், தை பிறக்கும் நாளில் தரைக்கு இறங்கி வருவான். எந்த ஊரில் வாசலுக்கு வாசல் பூ வைத்திருக்கிறார்களோ அந்த ஊரில் உட்காருவான். அந்தப் பூ வாடும்வரை எழுந்திருக்க மாட்டான். அவன் உட்கார்ந்த ஊரில் கதிர் மணிபிடித்துத் தலைசாயும். அவன் தாண்டிப்போன ஊரில் பாதிக்குப் பாதி பதர்தான்.

மலையடிவாரத்தில் கல்லாங்காடு என்றொரு ஊர். வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும் விளையும். சூரியன் வரும் வழியில் முதலில் இருப்பது அந்த ஊர்தான். ஆனாலும் அவன் அங்கே ஒருநாளும் நின்றதில்லை. நேரே ஆற்றங்கரை அல்லிப்பாளையத்துக்குப் போய்விடுவான். அங்கே குளம் நிறைய அல்லி, வேலி நிறைய முல்லை.

அந்த அல்லிப்பாளையத்தில் பிறந்து கல்லாங்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் வேலாத்தாள். புருஷன் காரியண்ணன். வந்த ஆண்டே அவள் களத்தில் நின்று சோளம் தூற்றினாள். காற்றில் பறந்தது அதிகம், காலடியில் விழுந்தது கொஞ்சம். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, உங்க ஊர்ல எப்பவும் இப்படித்தானுங்களா?"

"வாசல்ல வெக்கப் பூ இல்ல. அப்புறம் அவன் எதுக்கு நிக்கறான்?" என்றான் காரியண்ணன். அவன் குரலில் வருத்தம்கூட இல்லை. அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் பழகியிருந்தார்கள்.

அடுத்த மார்கழி வந்தது. ஊர்ப் பெரியதனக்காரர் நல்லணன் வேலாத்தாளைக் கூப்பிட்டனுப்பினார்.

"அம்மிணி, உன் பொறந்த ஊர்ல பூவுக்குப் பஞ்சமில்ல. உங்க அண்ணங்கிட்டக் கேட்டு ஊருக்கு ஒரு கூடை வாங்கிட்டு வந்துடு. இந்த வருசமாவது நம்ம வாசல்ல அவன் உக்காரட்டும்."

வேலாத்தாள் சந்தோஷமாகத்தான் கிளம்பினாள். மறுநாள் சூரியன் இறங்கும் நாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அல்லிப்பாளையமே பூக்கட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் மறுபேச்சில்லாமல் ஒரு கூடை முல்லையைக் கொண்டுவந்து வைத்தான். அண்ணன் மனைவி பாவாத்தாள் அதன்மேல் ஈரத்துணியைப் போர்த்தினாள்.

"கொண்டுபோ. பூன்னா எப்படி இருக்கும்னு உங்க ஊர்க்காரங்களும் ஒருக்காப் பாத்துக்கட்டும்."

கெட்ட மனசோடு சொன்னதல்ல. சிரித்துக்கொண்டே சொன்னதுதான். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் இடுப்பில் ஏறிய கூடையை வேலாத்தாள் மெதுவாகக் கீழே இறக்கினாள். களத்தில் தூசியோடு தூசியாக நிற்கும் காரியண்ணனின் முகம் அவள் கண்முன் வந்தது. உங்க ஊர் என்று அவளும்தானே அவனிடம் சொல்லியிருந்தாள்.

"வேண்டாங்க நங்கை," என்றாள். "எங்க ஊருக்கு வேணுங்கற பூவை நாங்களே பாத்துக்கறோம்."

"உங்க ஊர்ல ஏதம்மிணி பூவு?" என்றாள் பாவாத்தாள்.

வேலாத்தாளுக்கும் அது தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பினாள். கல்லாங்காட்டு எல்லைக்கு வந்து சேர்ந்தாள். ஊருக்கு என்ன பதில் சொல்வது என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"காலையில பூத் தேடித்தானே என்னை மிதிச்சுட்டுப் போனே?" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். வரப்பு நெடுகப் பூளைச் செடி. வெண்பஞ்சைத் திரித்துச் செருகினாற்போலக் கொத்துக் கொத்தாக நின்றது.

"நீ பூவா?" என்றாள் வேலாத்தாள்.

"பின்னே? மழை விட்டதிலிருந்து பூத்துத்தான் நிக்கறேன். எனக்கு வாசமில்லை. அதனால யாரும் குனிஞ்சு பாக்கறதில்லை."

பக்கத்து மேட்டிலிருந்து ஆவாரை சொன்னது: "எனக்கு நிறமும் இருக்கு. என்னையும்தான் யாரும் பாக்கலை."

வேலாத்தாள் எழுந்து நின்றாள். மேடு முழுக்க மஞ்சள், வரப்பு முழுக்க வெள்ளை. இரண்டு மார்கழியாக அவள் நடந்த வழிதான் அது.

"எங்க வாசலுக்கு வர்றீங்களா?"

"வர்றோம்," என்றது பூளை. "ஆனா பொழுது சாஞ்சதும் தூக்கி வீசற பூ நான் இல்லை. அடுத்த மார்கழியில என் இனம் வந்து இடத்தை வாங்கிக்கற வரைக்கும் என்னை இறக்கக் கூடாது. தரையிலயும் வெக்கக் கூடாது. மிதிபட்டது போதும்."

"கூரையில வெக்கறேன்," என்றாள் வேலாத்தாள். வழியிலிருந்த வேம்பிடமும் சொல்லிவிட்டு, காவலுக்கு ஒரு கொத்து இலை ஒடித்துக்கொண்டாள்.

ஊர் கூடியது. நல்லணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"முல்லைக்கு அனுப்பினா வரப்புல கெடந்ததை அள்ளிட்டு வந்திருக்கறயே அம்மிணி. இதைப் பாத்தா அவன் இனி இந்தப் பக்கமே திரும்ப மாட்டான்."

"இது நம்ம மண்ணுல பூத்ததுங்க. பதராப் போச்சுன்னா என் பேரைச் சொல்லிக்கங்க."

காரியண்ணன் கூட்டத்தைவிட்டு வந்தான். மனைவியின் கையிலிருந்து பூளையையும் ஆவாரையையும் வேப்பிலையையும் வாங்கி ஒன்றாகச் சேர்த்துக் கட்டினான். ஏணியைச் சாத்தி ஏறி, தன் வீட்டுக் கூரை விளிம்பில் செருகினான். இறங்கி வந்து தள்ளி நின்று பார்த்தான். காரை பெயர்ந்த அந்தச் சுவருக்கு மேலே அது அழகாகத்தான் இருந்தது.

"மாட்டுக் கொட்டாய்க்கும் ஒண்ணு வேணும் புள்ள," என்றான்.

அதைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரி வரப்புக்குப் போனாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பொழுது இறங்குவதற்குள் வீட்டுக்கு வீடு, கிணற்றுமேட்டில், பட்டியில், சோளக்காட்டு மூலையில் எல்லாம் கொத்து ஏறிவிட்டது. கடைசியாக நல்லணனும் தன் வீட்டில் ஒன்றைச் செருகிக்கொண்டார்.

விடிந்தது. மலைக்கு மேலே வந்த சூரியன் வழக்கம்போலக் கல்லாங்காட்டைத் தாண்டப் பார்த்தான். கூரையெல்லாம் வெள்ளையாக இருந்தது. பனி என்று நினைத்தான். தான் வந்த பிறகும் கரையாத பனியா என்று அவனுக்குக் கோபம் வந்தது. கரையட்டும் என்று கிட்டே இறங்கினான். அது கரையவில்லை. இன்னும் கிட்டே வந்தான்.

வாசலில் வேலாத்தாள் நின்றிருந்தாள்.

"என்ன பனி இது?" என்றான்.

"பனி இல்லீங்க சாமி. பூவு."

"எந்த ஊர்ப் பூ?"

வேலாத்தாள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "எங்க ஊர்ப் பூவுங்க. எங்க காட்டு வரப்புல பூத்தது."

பூ வைத்த வாசலைத் தாண்ட அவனால் முடியாது. உட்கார்ந்தான். ஆவாரை நடுப்பகலில் தலை தொங்கியது. வேப்பிலை சுருண்டது. பூளை மட்டும் காலையில் இருந்தபடியே இருந்தது. அங்கே அல்லிப்பாளையத்து முல்லை காத்திருந்தே வாடிப்போனது. பொழுது சாய்ந்தும் கல்லாங்காட்டுப் பூளை வாடவில்லை.

"இது எப்போது வாடும்?" என்று கேட்டான் சூரியன்.

"அடுத்த மார்கழி வரைக்கும் இருக்கறதாச் சொல்லியிருக்குதுங்க."

சூரியன் சிரித்துவிட்டான். "நான் வடக்கே போயாக வேண்டும். ஆனால் இது வாடும்வரை தினமும் எழுந்ததும் முதலில் இதைப் பார்த்துவிட்டுப் போகிறேன்," என்று சொல்லிக் கிளம்பினான்.

அந்தத் தை மாதம் கல்லாங்காட்டுக் களத்தில் தூற்றிய சோளம் காலடியிலேயே குவிந்தது. நல்லணன் ஒரு கைப்பிடி அள்ளி எடைபார்ப்பதுபோல வைத்துக்கொண்டு, முதல் மூட்டையை வேலாத்தாள் வீட்டுக்குத் தூக்கிவிடச் சொன்னார்.

மறு மார்கழியில் பாவாத்தாள் நடந்தே வந்து அந்தப் பூவைக் கேட்டாள். வேலாத்தாள் அவளை வரப்புக்குக் கூட்டிப்போய், செடியிடம் கேட்டு ஒடித்து, சேர்த்துக் கட்டும் விதத்தையும் காட்டிக்கொடுத்தாள். அப்படியே ஊர்விட்டு ஊர் அந்தக் கொத்து போயிற்று.

அன்று முதல்தான் கொங்குநாட்டில் தை பிறப்பதற்கு முந்தின நாள் பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் வேப்பிலையையும் சேர்த்து வீடு, கிணறு, பட்டி, காடு எங்கும் காப்புக் கட்டுகிறார்கள். காய்ந்தாலும் அதை யாரும் இறக்குவதில்லை, புதுப் பூளை வந்து தன் இடத்தைக் கேட்கும்வரை அது சூரியனைப் பார்த்தபடி கூரையிலேயே இருக்கிறது.