மேல்வரிசைப் பல் எத்தனை?

காங்கேயம் பக்கத்து மாட்டுக்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் இருந்ததாம். மாட்டுக்கு நோவு என்று ஒருவர் எழுதினால் பத்துப் பேர் மருந்து சொல்லுவார்கள். அங்கே தானாகவே பதிவு போடும் எந்திர பாட்கள் புகுந்து லாட்டரி விளம்பரமாகக் கொட்டின. கேட்ட கேள்வியெல்லாம் அதற்கடியில் புதைந்துபோயின.

பல்லைப் பார்த்தே மாட்டுக்கு வயசு சொல்லும் பரம்பரை என்று மார்தட்டுகிற மன்றத் தலைவர் மாரப்பன், குப்பைப் பதிவுகளை அழிக்கும் பூவாத்தாளைக் கூப்பிட்டார்.

"நாளைக்குள்ள ஒரு பாட்கூட நுழையக்கூடாது. ஒரு மாட்டுக்காரனும் வெளிய நிக்கக்கூடாது. இல்லைன்னா மன்றத்தையே மூடிருவேன்!"

"ஆகட்டுங்க" என்றாள் பூவாத்தாள்.

மன்றத்துக்குள் நுழையும் வாசலில் ஒரே ஒரு கேள்வி வைத்தாள்: 'மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் எத்தனை?'

மாட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே 'ஒண்ணுமே கிடையாது' என்று தட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். பாட்களோ எத்தனை என்று கேட்டதும் ஆறு, ஆறு என்று போட்டு வாசலிலேயே விழுந்தன.

மறுநாள் எல்லார் முன்னாலும் மாரப்பன் போனை எடுத்து, கம்பீரமாக 'எட்டு' என்று போட்டார். கதவு திறக்கவில்லை; 'நீங்கள் எந்திரம்' என்று திரையில் வந்தது.

"என்ன புள்ள, என்னையே எந்திரம்னு சொல்லுது?"

"எந்திரம்கூட ஆறு பல்லுதானுங்க வெச்சுது. நீங்க இன்னும் ரெண்டு சேத்துக் கட்டிவிட்டுட்டீங்களே!"